ஒரு பையில் அடங்கும் ரோம்

ஐரோப்பியச் சுற்றுலா என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது பணக்கவலைதான். விமானச் சீட்டைப் பொறுத்தவரை அந்தக் கவலை நியாயமானது. சிங்கப்பூரிலிருந்து ரோம் நகரம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்தத் தொலைவை யாராலும் குறைக்க முடியாது. ஆனால், போய் இறங்கிய பிறகு ஆகும் செலவு நம் கையில்தான் இருக்கிறது. எதை உடுத்துகிறோம், எப்போது நடக்கிறோம், எங்கே தண்ணீர் குடிக்கிறோம், எங்கே உட்காருகிறோம் என்பவையெல்லாம் அந்தச் செலவை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன.

தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படிக்கும் மாணவர்கள் பகுதிநேர வேலை செய்து பணம் சேர்த்து, நண்பர்களோடு ஐரோப்பாவுக்குச் செல்வதை இப்போது பரவலாகக் காண்கிறோம். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்களும் அத்தகைய பயணத்தைத் திட்டமிடக்கூடும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர், இத்தாலி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். எனவே அனுமதி பெரிய தடையன்று. ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, கோடையில் ஒரு மாணவர் அங்கே எப்படி உடுத்தி, எப்படிச் செலவழித்துச் சமாளிக்கலாம் என்று பார்ப்போம்.

1953ஆம் ஆண்டு வெளியான 'ரோமன் ஹாலிடே' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருக்கலாம். 1952ஆம் ஆண்டுக் கோடையில் ரோம் நகரத்திலேயே எடுக்கப்பட்ட படம் அது. அரண்மனைக் கட்டுப்பாடுகளில் சலித்துப்போன இளவரசி ஒருத்தி, யாருக்கும் தெரியாமல் வெளியேறி ரோமில் ஒரு நாளைக் கழிக்கிறாள். அவள் கையில் காசு கிடையாது. அறிமுகமான ஒருவன் கொடுக்கும் 1,000 லிரா மட்டுமே அவளிடம் இருக்கிறது. அன்றைய கணக்கில் அது ஒன்றரை அமெரிக்க டாலர். அந்தப் பணத்தில் ஒரு சோடிக் காலணி வாங்குகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், பனிக்கூழ் சாப்பிடுகிறாள். அவள் அணிந்திருப்பது ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே பாவாடை. காலையில் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த அந்தச் சட்டையின் கைகள் பிறகு மடித்துவிடப்படுகின்றன. கழுத்துப் பட்டை திறக்கப்படுகிறது. சிறிய கழுத்துக்குட்டை ஒன்று சேர்கிறது. உடை ஒன்றுதான், தோற்றம் மூன்று. இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்தச் சட்டையும் பாவாடையும் இன்றும் கோடை உடைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன.

இந்தப் படத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பயணத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய உடை, ஒவ்வோர் உடைக்கும் ஒரு படம் என்ற எண்ணம் இன்று இளையர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஏழு நாளுக்கு ஏழு உடை என்றால் பெரிய பெட்டி வேண்டும். ஐரோப்பிய நகரங்களுக்கிடையே பறக்கும் மலிவுக்கட்டண விமானங்கள் பலவற்றில், இருக்கைக்கு அடியில் நுழையும் சிறிய பைக்கு மட்டுமே கட்டணமில்லை. அளவு மீறினால், விமானம் ஏறும் வாசலில் கேட்கும் தொகை சில நேரங்களில் பயணச்சீட்டின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே, சீட்டு வாங்கும் முன்பே பையின் அளவைப் படித்துக்கொள்ளுங்கள். படங்களுக்காகத் தூக்கிச் செல்லும் துணிகளுக்குக் கூலி கொடுப்பது என் கணக்கில் வீண் செலவு.

ஒரு சிறு கணக்குப் போடலாம். மூன்று மேற்சட்டைகளும் இரண்டு காற்சட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்தும் நிறத்தில் இருந்தால் ஆறு விதமாக உடுத்தலாம். மேலே போட்டுக்கொள்ள மெல்லிய நீளக்கைச் சட்டை ஒன்றைச் சேர்த்தால் அது பன்னிரண்டாகும். காற்சட்டை ஒன்றுக்குப் பதிலாக நீண்ட பாவாடை எடுத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. இவற்றோடு உள்ளாடைகள், ஒரு தொப்பி, அறைக்குள் போட்டுக்கொள்ள ரப்பர்ச் செருப்பு. பள்ளிப் பை ஒன்றில் இவ்வளவும் அடங்கிவிடும்.

கோடை உடை என்றதும் ஐரோப்பியர் நாடுவது லினன் துணியை. ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரில் நெய்யப்படுவது அது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலும் பெல்ஜியத்திலும் ஆளி பெருமளவில் பயிராகிறது. லினன் ஈரத்தை விரைவாக உறிஞ்சும், விரைவாக உலரும், உடலோடு ஒட்டாது. கசங்கும், ஆனால் லினன் கசங்குவதை அங்கே யாரும் குறையாகக் கருதுவதில்லை. விலைதான் மாணவர்களுக்கு எட்டாது. கவலை வேண்டாம், நமக்குப் பழக்கமான மெல்லிய பருத்தியும் அதே வேலையைச் செய்யும். தேக்காவில் வாங்கிய பருத்தி ஜிப்பாவோ குர்தாவோ ரோமின் வெயிலுக்கு மிகவும் ஏற்றது.

இதில் ஒரு பழைய வரலாறும் அடங்கியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்னும் கடல் வணிகக் கையேடு, 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் சோழர் தலைநகரமான உறையூர் என்பது ஆய்வாளர் கருத்து. ரோமானிய உலகத்துச் செல்வர்கள் தென்னிந்தியப் பருத்தித் துணியை விலைகொடுத்து வாங்கினார்கள். அதற்கு ஈடாக வந்த ரோமானிய நாணயங்கள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்திருக்கின்றன.

ஜீன்ஸ் காற்சட்டையை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அது கனம், துவைத்தால் எளிதில் உலராது. மெல்லிய பருத்திச் சட்டையை இரவில் அலசிப் போட்டால், ஈரப்பதம் குறைந்த ரோமானியக் கோடையில் காலைக்குள் காய்ந்துவிடும். மூன்று சட்டைகள் போதும் என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

காலணி இன்னும் முக்கியம். ரோமின் பழைய தெருக்களில் 'சம்பியத்ரீனி' எனப்படும் கருங்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. நம் உள்ளங்கை அளவுள்ள அந்தக் கற்களுக்கிடையே இடைவெளி உண்டு; மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். மெல்லிய அடிப்பகுதி கொண்ட செருப்போடு ஒரு நாள் நடந்தால் மறுநாள் கால் வலிக்கும். பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கினால், புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதைப் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். கொப்புளம் வந்த காலோடு எந்த நகரத்தையும் சுற்றிப் பார்க்க முடியாது.

நாம் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். ஐரோப்பிய வெயில் நம்மை என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக இருக்கலாகாது. சிங்கப்பூரில் பகல் எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம். ரோமில் ஜூன் மாத இறுதியில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரவு எட்டே முக்கால் மணியளவில்தான் சூரியன் மறையும். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. நம் ஊரில் வியர்வை உடலில் வழிவதால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தோன்றும். அங்கே காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடுகிறது. உடல் நீரை இழப்பது நமக்குத் தெரிவதில்லை. 2003ஆம் ஆண்டு ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர். அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் குளிர்சாதன வசதி கிடையாது. மலிவான தங்கும் விடுதிகளிலும் அப்படித்தான் இருக்கும். மின்விசிறி உண்டா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்வது நல்லது.

உள்ளூர் மக்கள் இந்த வெயிலை வெல்ல முயல்வதில்லை. அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். காலையில் வேலைகளை முடித்துக்கொண்டு, நண்பகலுக்குப் பின் சன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு இளைப்பாறி, மாலையில் மறுபடியும் வெளியே வருகிறார்கள். மாணவர்களுக்கும் இதுவே ஏற்ற நேர அட்டவணை. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 11 மணிவரை நிழலும் வெறிச்சோடிய தெருக்களும் கிடைக்கும். பிறகு மாலை 5 மணிமுதல் 9 மணிவரை வெளிச்சம் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் நிழல் சிறிதும் இல்லாத கொலோசியத்தின் முன் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பயணிகள்தாம்.

தண்ணீருக்குச் செலவழிக்கவே வேண்டாம். ரோம் நகரத் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் உள்ளன. 1874ஆம் ஆண்டிலிருந்து நிறுவப்பட்டு வரும் இந்த இரும்புக் குழாய்களுக்கு 'நசோனி' என்று பெயர். 'பெரிய மூக்குகள்' என்று பொருள். வளைந்த குழாய் மூக்கைப் போல் இருப்பதால் வந்த பெயர் அது. மலை ஊற்றுகளிலிருந்து வரும் குளிர்ந்த நீர் இரவும் பகலும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் மேற்புறத்தில் சிறிய துளை ஒன்று உண்டு. கீழே நீர் விழும் வாயை விரலால் அடைத்தால், அந்தத் துளையிலிருந்து நீர் மேல்நோக்கி வளைந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். இதைத் தெரியாதவர்கள் தரையில் மண்டியிட்டுப் புட்டியை நிரப்புவதைப் பார்க்கலாம். சுற்றுலாத் தலங்களுக்கு அருகே ஒரு புட்டித் தண்ணீர் 2 யூரோ என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு மூன்று புட்டி வீதம் ஏழு நாளில் 42 யூரோ. ஒரு யூரோவை ஒன்றரை வெள்ளியாகக் கணக்கிட்டால் 63 வெள்ளி. மாணவர் விடுதியில் ஓர் இரவு தங்கும் தொகை அது. வீட்டிலிருந்து ஒரு காலிப் புட்டியைக் கொண்டுசென்றால் அந்த இரவு இலவசம்.

நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவருவது ரோமானியர்களின் பழைய கலை. கி.மு. 19ஆம் ஆண்டில் அக்ரிப்பா என்பவர் கட்டுவித்த 'அக்வா வெர்கோ' என்னும் கால்வாய், பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் புகழ்பெற்ற ட்ரெவி நீரூற்றுக்கு நீர் வழங்குகிறது. ஆனால், அந்த அழகிய நீரூற்றுகளில் கால் நனைக்கவோ குளிக்கவோ கூடாது. அபராதம் உண்டு.

அபராதம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'ரோமன் ஹாலிடே' இளவரசி பனிக்கூழ் சாப்பிட்ட இடம் 'ஸ்பானியப் படிகள்'. இப்போது அங்கே அமர்வதற்கே தடை. 2019ஆம் ஆண்டுமுதல் அந்தப் படிகளில் உட்காருவோருக்கு 250 யூரோ அபராதம் விதிக்கப்படலாம். படிகளைச் சேதப்படுத்தினால் 400 யூரோ. ஒருவர் உட்காருவதில் என்ன தவறு என்று தோன்றலாம். ஆனால், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து, உண்டு, குடித்து, சிந்திவிட்டுப் போவதைப் பழைய கற்கள் எத்தனை காலம் தாங்கும்? கொலோசியத்தின் சுவரில் ஓர் எழுத்தைச் செதுக்கிய சுற்றுப்பயணி ஒருவருக்கு 2014ஆம் ஆண்டில் 20,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் வளர்ந்த உங்களுக்கு இந்த விதிகள் வியப்பளிக்கமாட்டா.

இனி உடையின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். ரோமின் மிகச் சிறந்த கலைப்படைப்புகள் பல அருங்காட்சியகங்களில் இல்லை, தேவாலயங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. மைக்கலாஞ்சலோ செதுக்கிய 'பியெத்தா' சிலை வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் உள்ளது. அவருடைய 'மோசே' சிலை 'சான் பியெத்ரோ இன் வின்கோலி' என்னும் தேவாலயத்தில் உள்ளது. இரண்டையும் காசு கொடுக்காமல் காணலாம். ஆனால், தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். புனித பேதுரு பேராலயத்தில் கையில்லாச் சட்டையோடோ அரைக்காற்சட்டையோடோ வருபவர்களைக் காவலர்கள் உள்ளே விடுவதில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படுவது கொடுமை. அப்படித் திரும்புவோருக்காகவே வெளியே சால்வை விற்போர் காத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குப் போகும்போது எப்படி உடுத்த வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே நமக்குக் கைகொடுப்பது ஒரு சாதாரணத் துப்பட்டா. தேவாலயத்தில் அது தோளை மறைக்கும்; தெருவில் தலைக்கு நிழலாகும்; விமானத்தில் போர்வையாகும்; பூங்காவில் புல்மேல் விரிப்பாகும். ஆண்களுக்கு மெல்லிய பருத்தித் துண்டு இந்த வேலைகளைச் செய்யும். ஆண்கள் தேவாலயத்துக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கையில்லாச் சட்டை அணிவது தவறன்று. அடுத்து எங்கே நுழையப் போகிறோம் என்று யோசித்து உடுத்துவதே வேண்டியது. இத்தாலியர்கள் வீட்டைவிட்டு வெளியே வரும்போது நேர்த்தியாக உடுத்துவதை 'பெல்லா ஃபிகுரா' என்பார்கள். விலையுயர்ந்த ஆடை என்பது அதன் பொருளன்று. பிறர் பார்வைக்கு மதிப்பளிக்கும் ஒழுங்கு என்று சொல்லலாம். கடற்கரை உடையோடும் ரப்பர்ச் செருப்போடும் நகரத்தின் நடுவே திரிபவரைக் கண்டால், அவர் வெளியூர்க்காரர் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கூட்டமான பேருந்துகளில் நிற்கும் பிக்பாக்கெட் திருடர்களுக்கும் அது தெரியும். பணப்பையைப் பின்பையில் வைக்காதீர்கள்.

தங்குவதற்கு மாணவர் விடுதிகள் உள்ளன. இந்த ஏற்பாடு ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மானிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தம் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றார். வழியில் கடுமையான இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் ஒதுங்கினார்கள். வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். மாணவர்கள் தூங்கிய பிறகும் ஆசிரியருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் பள்ளிகள் காலியாகத்தானே கிடக்கின்றன, அவற்றை நடந்து வரும் மாணவர்களுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். 1912ஆம் ஆண்டில் அல்ட்டினா நகரத்துக் கோட்டையில் உலகின் முதல் நிலையான இளையர் விடுதி திறக்கப்பட்டது. ஏழை மாணவனும் ஊர் பார்க்கலாம் என்ற அந்த எண்ணம் பிறகு உலகமெங்கும் பரவியது.

இன்று ரோமில் ஆறு பேரோ எட்டுப் பேரோ பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுக்கலாம். கோடையில் ஒரு கட்டிலுக்கு 40 யூரோ என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நகர வரி தனியாக வசூலிக்கப்படும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர் துணையில்லாமல் பொது அறையில் தங்க அனுமதிக்காத விடுதிகள் பல உண்டு. இதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கன்னியர் மடங்கள் நடத்தும் எளிய விருந்தினர் இல்லங்களும் இருக்கின்றன. அறை தூய்மையாகவும் அமைதியாகவும் இருக்கும். ஆனால், இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கதவை அடைத்துவிடுவார்கள். பெற்றோர்க்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

குடியிருப்பு வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பதும் நான்கைந்து நண்பர்களுக்கு மலிவாக இருக்கலாம். அதைப் பற்றி ஒரு நொடி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் கூடுதல் வருமானம் என்பதால், நகர மையங்களில் உள்ளூர்க் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. பார்சலோனா நகர நிர்வாகம், அத்தகைய ஏறத்தாழ 10,000 வீடுகளின் உரிமங்களை 2028ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024இல் அறிவித்தது. வெனிஸ் நகரம் அதே ஆண்டில், கூட்டம் மிகும் நாள்களில் பகலில் வந்து செல்வோரிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது. நமக்கு மலிவாகக் கிடைக்கும் ஒன்றின் மீதி விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் ரோம் மாணவர்களுக்கு இரக்கம் காட்டும் நகரம். அங்குள்ள காப்பிக் கடைகளில் ஒரே காப்பிக்கு இரண்டு விலை. 'பாங்கோ' என்றால் முகப்பருகில் நின்றுகொண்டு குடிப்பது. 'தாவோலோ' என்றால் மேசையில் அமர்ந்து குடிப்பது. நின்று குடித்தால் ஒன்றேகால் யூரோ அளவில் முடியும். புகழ்பெற்ற சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்தால் அதுவே பல மடங்காகலாம். உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மதியத்துக்கு, துண்டாக வெட்டி எடைபோட்டு விற்கும் பீட்சா இருக்கிறது. நீள்சதுரத் தட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட 'மரினாரா' வகையில் இறைச்சியும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை.

இரவு உணவுக்கு ரோமின் பழைய உணவு ஒன்றைச் சுவைத்துப் பாருங்கள். பெயர் 'காச்சோ எ பெப்பே'. பொருள் 'பாலாடைக்கட்டியும் மிளகும்'. பாஸ்தாவோடு சேருவது ஏறக்குறைய அவ்வளவே. அந்த மிளகுக்கு ஒரு காலத்தில் ரோமானியர்கள் பொன்னைக் கொட்டினார்கள். சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து மிளகு கப்பலேறியது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்னும் ரோமானிய எழுத்தாளர் வருந்தி எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் டொமிஷியன் மிளகு சேமிக்க ரோமின் நடுவே பெரிய கிடங்குகளைக் கட்டினார். அவற்றின் எச்சங்கள் பழைய ரோமானிய மன்றத்தின் அருகே, மாக்சென்டியஸ் மண்டபத்துக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

நுழைவுச்சீட்டுகளில் வயது முக்கியம். கொலோசியம், பாந்தியன் போன்ற இடங்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், கட்டணமில்லை. 18 முதல் 25 வயதுவரை அரசு அருங்காட்சியகங்களில் 2 யூரோச் சலுகை உண்டு. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். ஆகவே 17 வயதில் குடும்பத்தோடு சென்றால் இலவசமாகப் பார்க்கும் கொலோசியத்தை, 19 வயதில் நண்பர்களோடு சென்றால் 18 யூரோ கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்கள் எல்லார்க்கும் இலவசம். அன்று கூட்டம் அலைமோதும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் இலவசம். மற்ற நாள்களில் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. மாணவர் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து மத்திய நிலையத்துக்கு வரும் விரைவு ரயிலுக்கு 14 யூரோ. பல நிலையங்களில் நின்று செல்லும் சாதாரண ரயிலுக்கு 8 யூரோ. சாதாரண ரயில் மத்திய நிலையத்துக்குப் போகாது. ஓஸ்டியென்சே போன்ற நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். அந்த ஆறு யூரோவில் மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும்.

19 வயது மாணவர் ஒருவரின் ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கலாம்: கட்டில் 40 யூரோ, காலைக் காப்பியும் ரொட்டியும் 3, மதிய பீட்சா 6, இரவு உணவு 12, பேருந்து இருமுறை 3. மொத்தம் 64 யூரோ, அதாவது 96 வெள்ளி. கொலோசியம் பார்க்கும் நாளில் 18 யூரோ கூடி 82 ஆகும். தண்ணீருக்கும் தேவாலயங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் மாலைக் காற்றுக்கும் கணக்கில் இடமில்லை.

அத்தகைய ஒரு மாலையை எங்கே கழிக்கலாம் என்று கேட்டால், பாந்தியனுக்கும் நவோனா சதுக்கத்துக்கும் இடைப்பட்ட சில தெருக்களைச் சொல்வேன். பல தேவாலயங்கள் நண்பகலில் மூடப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும். வெயில் தணிந்த பிறகு செல்லுங்கள். 'சான் லூயிஜி தே ஃபிரான்சேசி' என்னும் தேவாலயத்தில் கரவாஜியோ என்னும் ஓவியர் 1600ஆம் ஆண்டையொட்டி வரைந்த மூன்று ஓவியங்கள் உள்ளன. ஒன்றில், வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கிறார். இயேசு பழங்காலத்து அங்கி அணிந்திருக்கிறார். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் இளைஞர்களோ இறகு செருகிய தொப்பியும் பளபளக்கும் சட்டையுமாக, ஓவியர் வாழ்ந்த காலத்து நவநாகரிக உடையில் இருக்கிறார்கள். இருண்ட அறைக்குள் வலப்புறமிருந்து ஒளி விழுகிறது. அவர்களில் இருவர் காசு எண்ணுவதைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. ரோமின் சில தேவாலயங்களில் ஓவியத்தின்மேல் விளக்கு எரிய ஒரு நாணயம் போட வேண்டும். வேறு யாராவது போடட்டும் என்று இருட்டில் காத்து நிற்பவர்கள் உண்டு. ஒரு முறையாவது நீங்கள் போடுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் 'சாந்த் அகொஸ்தினோ' தேவாலயம். நுழைந்ததும் இடப்பக்கத்து முதல் மாடத்தில் அதே ஓவியரின் இன்னொரு படைப்பு இருக்கிறது. வாசலில் குழந்தையோடு நிற்கும் மரியாளின் முன், நெடுந்தொலைவு நடந்து வந்த வயதான ஆணும் பெண்ணும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலைத்துணி கிழிந்திருக்கிறது. அந்த ஆணின் வெறுங்காலும் அழுக்குப் படிந்த உள்ளங்காலும் பார்ப்பவரின் முகத்துக்கு நேராக நீண்டிருக்கின்றன. இந்தப் படம் முதலில் வைக்கப்பட்டபோது, அந்த அழுக்குக் கால்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்ததாம். நானூறு ஆண்டுகளாக அந்த இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கக் கட்டணமில்லை.